கோல்ஃப் ஆடப் போறீங்களா?

நத்தத்து வெயிலுக்குப் பயந்து கொடைக்கானல் ஏறுகிறீர்களா? அங்கே 1895-ல் தொடங்கிய கோல்ஃப் கிளப் இருக்கிறது. காட்டை ஒட்டிய புல்வெளி. காட்டெருமைகூட மேய வரும்! (கிட்டே போய் போட்டோ எடுக்காதீங்க.)

பதினெட்டுக் குழியும் நடந்தே ஆடினால் ஏழெட்டு கிலோமீட்டர். மேடு பள்ளம் வேறு. சுமார் 7,000 அடி உயரத்தில் சீக்கிரமே மூச்சு வாங்கும்.

என்னிடம் வரும் சர்க்கரைக்காரர் ஒருவர், மெம்பரான சம்பந்தி கூப்பிட்டாரென்று, மாத்திரை போட்டு வெறும் காபியோடு கிளம்பிவிட்டார். ஆறாவது குழியில் வியர்த்து, கை நடுங்கி உட்கார்ந்தவரைக் காப்பாற்றியது சம்பந்தி பையிலிருந்த குளுக்கோஸ்.

நீங்கள் இட்லி சாப்பிட்டுவிட்டுப் போங்க. பையில் சர்க்கரை இருக்கட்டும். முதல் நாள் ஒன்பது குழி போதும். நெஞ்சை அடைத்தால் ‘வாயு’ன்னு சுக்குக் கஷாயம் தேடாதீங்க, சித்த வைத்தியன் நானே சொல்றேன், உடனே வண்டி பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போங்க.