சோறு அடைத்த சோசேஜ்



சீனப் புத்தாண்டு நெருங்கும் நாள்களில் குளுவாங்கிலோ ஜொகூர் பாருவிலோ சீனர்களின் மளிகைக் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். செந்நிறமாக, விரல் பருமனில், நூலால் இரண்டிரண்டாகக் கட்டிய சோசேஜுகள் கம்பியில் தொங்கும். அதற்கு லாப் சியோங் என்று பெயர். குளிர்பெட்டி இல்லாமலே அது பல நாள் கெடாமல் இருக்கும்.

இன்று நாம் பேசப்போவது இன்னொரு வகையைப் பற்றி. பன்றிக் குடலைக் கழுவி, அதற்குள் புளுட் அரிசி, நிலக்கடலை, காளான், காய்ந்த இறால், பன்றி இறைச்சித் துண்டுகள் ஆகியவற்றை அடைத்து வேகவைப்பார்கள். வட்ட வட்டமாக நறுக்கி, இனிப்பான கறுப்புக் கிச்சாப் ஊற்றித் தருவார்கள். இது தியோச்சூ சீனர்களின் உணவு. ஜொகூரில் 1840களிலிருந்து காம்பிரும் மிளகும் பயிரிட ஆற்றங்கரைகளில் குடியேறியவர்களில் பெரும்பாலோர் அவர்களே. அந்தக் குடியேற்றங்களை நடத்திய காங்சூ முறை 1917இல் ஒழிக்கப்பட்டது. அவர்களுடைய சமையல் மட்டும் நிலைத்துவிட்டது.

அரிசியையும் பன்றி இறைச்சியையும் சேர்த்து அடைக்கும் வழக்கம் சீனர்களுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கேஜன் மக்கள் இருக்கிறார்கள். 1755 முதல் ஆங்கிலேயர், இன்றைய கனடாவிலுள்ள அக்காடியாவிலிருந்து துரத்திய பிரெஞ்சுக் குடியானவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். பன்றி இறைச்சி, ஈரல், வெங்காயத்தாள், மிளகாய் இவற்றோடு சோற்றைப் பிசைந்து குடலில் அடைத்து, பூடான் என்று விற்கிறார்கள். கொஞ்சம் இறைச்சியைப் பல வாய்க்குப் பங்கிட வேண்டுமானால் அரிசியைச் சேர்ப்பதுதானே வழி? அந்தக் கணக்கு நம் தோட்டத்து அம்மாமார்களுக்கும் தெரிந்ததே.

நேயர்களே, எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்குப் பட்டணத்தில் இந்தச் சோசேஜை வாங்கினோம். லாப் சியோங் போலத்தானே என்று நினைத்து, சமையலறை மேசைமேல் மூடி வைத்துவிட்டோம். இரவு 7 மணிக்கு எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்து எல்லாரும் சாப்பிட்டோம். 10 மணிக்குள் பிள்ளைகள் இருவரும் வாந்தியெடுத்துத் துவண்டு போனார்கள். மருத்துவர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "எப்போது பொரித்தீர்கள்?" என்பதல்ல, "சோறு எப்போது வெந்தது?" என்பதே. அவர் கேட்டதன் பொருள் பிறகுதான் எங்களுக்கு விளங்கியது.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் இருப்பதுண்டு. கொதிநீரிலும் அவை சாவதில்லை. வெந்த சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் வித்துகள் முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நஞ்சைச் சோற்றிலேயே கக்கிவிடும். அந்த நஞ்சு அடுப்பின் சூட்டுக்கு அழியாது. மறுபடி பொரித்தாலும் நுண்ணுயிர்கள் மடியுமே தவிர, நஞ்சு அப்படியே இருக்கும். எங்கள் வீட்டில் நடந்தது இதுதான்.

அப்படியானால் லாப் சியோங் எப்படித் தாங்குகிறது? அதில் உப்பும் சர்க்கரையும் மிகுதி. காற்றில் உலர்த்தி நீரையும் போக்கிவிடுகிறார்கள். நீர் குறைந்த இடத்தில் நுண்ணுயிர் எளிதில் பெருகாது. சோறு அடைத்த சோசேஜோ ஈரம் நிறைந்தது. தோற்றத்தில் சோசேஜ்; தன்மையில் பழைய சோறு. இந்த ஒன்றை நினைவில் வைத்தால் போதும்.

இனி, வாங்கும் முறை. எப்போது வேகவைத்தது என்று கடைக்காரரைக் கேளுங்கள். ஆவி பறக்கச் சூடாகவோ, குளிர்பெட்டிக்குள்ளோ இருப்பதை வாங்கலாம். வெறுமனே மேசையில் ஆறிக் கிடப்பதை வாங்கவேண்டாம். சந்தை வேலையெல்லாம் முடித்துவிட்டு இதைக் கடைசியாக வாங்குங்கள். தோட்டம் தொலைவிலிருந்தால் பனிக்கட்டி வைத்த பெட்டியில் கொண்டுவாருங்கள்.

அடுத்தது சமைக்கும் முறை. வீட்டிலேயே செய்வதானால் அரிசியை ஊறவைத்து, குடலைத் தளர்வாக நிரப்புங்கள். அரிசி வெந்து உப்புவதற்கு இடம் வேண்டும். தளதளவென்று கொதிக்கவிட்டால் குடல் வெடித்துவிடும். ஆங்காங்கே ஊசியால் குத்தி, மெல்லிய தீயில் வேகவிடுங்கள். நடுப்பகுதியில் அரிசி மலர்ந்து, இறைச்சி முழுவதும் வெந்திருக்க வேண்டும். உள்ளே 71 பாகை செல்சியஸ் சூடு ஏறினால் பன்றி இறைச்சிக்குப் போதுமானது.

மூன்றாவது, வைத்திருக்கும் முறை. வெந்த சோசேஜ் வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கலாகாது. நம் ஊர் வெக்கையில் 1 மணி நேரமே நல்லது. உடனே உண்ணாததைச் சிறு துண்டுகளாக்கி அகலமான தட்டில் பரப்பினால் விரைவில் ஆறும். பிறகு 4 பாகைக்கு மேற்போகாத குளிர்பெட்டியில் வைத்து, 3 நாளில் தீர்த்துவிடுங்கள். உறைபெட்டியில் ஒரு மாதம்வரை சுவை கெடாமல் இருக்கும். உறைந்ததை இளக்கும்போதும் மேசைமேல் வைக்காமல், முதல்நாள் இரவே குளிர்பெட்டிக்கு மாற்றுங்கள். சாப்பிடுவதற்கு முன் ஆவி பறக்கச் சூடாக்குங்கள். சூடாக்குவதும் ஒரே ஒரு முறைதான்.

இன்னொன்றும் உண்டு. நம் வீடுகளில் பன்றி இறைச்சி உண்பவரும் இருக்கிறார்கள், தொடாதவரும் இருக்கிறார்கள். மலாய் நண்பர்கள் வந்துபோகும் வீட்டில் இதற்கென்று தனிச் சட்டியும் தனிக் கத்தியும் வைத்துக்கொள்வதே பண்பு.

இதை உண்ணாத நேயர்களே, இந்தப் பேச்சு நமக்கில்லை என்று எண்ணிவிடாதீர்கள். காலையில் கட்டிப் பள்ளிப் பைக்குள் வைக்கும் நாசி லெமாக்கும், இரவு மீந்த சோறும், திருவிழா முடிந்து மாலைவரை அண்டாவில் கிடக்கும் அன்னதானச் சோறும் இதே விதிக்கு உட்பட்டவைதாம். அடுத்த முறை மூடியைத் திறக்கும்போது, மணத்தை மட்டும் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். அந்த நஞ்சுக்கு மணமில்லை. மருத்துவர் எங்களைக் கேட்ட கேள்வியை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தச் சோறு எப்போது வெந்தது?