கோடை வெப்பமும் கணினி வலையமைப்பும்

மாத்தளை மாவட்டம் தட்பவெப்பத்தால் இரு வேறு நாடுகளை ஒத்தது. கிழக்கே நக்கிள்சு மலைத்தொடரின் சாரல் குளிர்ந்திருக்க, வடக்கே நாவுலையைக் கடந்து தம்புள்ளைச் சமவெளியை அடைந்ததும் வறள்வலயத்தின் வெயில் எதிர்கொள்ளும். எனினும் பங்குனி சித்திரைத் திங்கள்களில் மாவட்டம் முழுவதுமே வெப்பமுறுகின்றது. ஏப்பிரல் முதற்பாதியில் நண்பகற் சூரியன் இம்மாவட்டத்தின் உச்சிக்கு நேரே வந்து நிற்பான். தம்புள்ளைப் பகுதியில் நிழலிலேயே வெப்பநிலை 33 பாகை செல்சியசைக் கடப்பதுண்டு. தகரம் வேய்ந்த அறையிற் கூரையை அண்டி நிற்கும் காற்று அதனினும் மிக்க வெப்பமுடையது.

இக்காலத்திலேதான் பாடசாலைக் கணினி அறைகளில் ஒரு முறைப்பாடு எழும். காலையிற் செவ்வனே இயங்கிய வலையமைப்பு நண்பகலை அண்டியதும் தடுமாறும். தொடர்பு அறும், மீளும், மீண்டும் அறும். வெயில் தாழ்ந்தபின் தானே சீராகும். கண்டோர் அனைவரும் வெயிலே கணினியைக் கெடுத்தது என முடிவு செய்வர். பழைய மாணவர் உவந்தளித்த பணத்திற் புதிய கணினி வாங்கப்படும். அடுத்த கோடையில் அதே குறை மீண்டும் தோன்றும். வீட்டிற் கணினியுடைய மாணவனுக்கு இதனாற் பேரிழப்பு இல்லை. தோட்டத்து லயத்து அறையிலிருந்து வரும் மாணவிக்கோ கிழமையில் ஓரிரு பாடவேளையே கணினியைத் தொடும் வாய்ப்பு. அவ்வேளை பழுதாயின் அஃது அவளுக்கு மீண்டும் வாராது. ஆதலின், வெப்பம் உண்மையாகவே குற்றவாளியா, ஆயின் எவ்வழியாற் குற்றம் இழைக்கின்றது என்பவற்றை ஆராய்தல் வீண் ஆராய்ச்சி ஆகாது.

காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது என்பது உலக வழக்கு. இதனையே வடநூலார் காகதாலீய நியாயம் என்பர். இரு நிகழ்ச்சிகள் ஒருங்கு நிகழ்ந்தமை கொண்டே ஒன்று மற்றொன்றின் காரணம் எனத் துணிதல் தகாது என்பதே அதன் கருத்து. வெயிலும் வலையமைப்புத் தடையும் ஒரே வேளையில் தோன்றுதல் ஐயத்திற்கு இடந்தருமேயன்றித் துணிபுக்குப் போதாது.

முதற்கண் வலையமைப்பு இயங்கும் முறையைச் சுருக்கமாக நோக்குவோமாயின், அது பெரும்பாலும் ஈதர்நெற் என்னும் முறையின்பாற் படும். 1973 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாலோ அல்ற்றோ நகரிலுள்ள செறொக்சு ஆய்வு நிலையத்தில் றொபேட்டு மெற்காபு, டேவிட்டு பொக்சு என்போர் இதனை உருவாக்கினர். தொடக்கத்திற் பருத்த ஒற்றை வடத்திற் சென்ற குறிகைகள், 1990 ஆம் ஆண்டு நியமத்தின் பின் முறுக்கிய கம்பிச் சோடிகளிற் செல்லலாயின. கம்பிகளை முறுக்கும் உபாயம் அதனினும் பழையது. கண்டியிலிருந்து மாத்தளைக்கு இருப்புப்பாதை வந்தது 1880 ஆம் ஆண்டு. அதற்கு மறு ஆண்டிலேயே தொலைபேசி கண்ட கிரகாம் பெல் முறுக்கிய சோடிக்குக் காப்புரிமை பெற்றார். இரு கம்பிகளும் ஒன்றையொன்று சுற்றிச் செல்வதால், வெளியிலிருந்து வந்து சேரும் மின் இரைச்சல் இரண்டிலும் ஏறத்தாழச் சமமாய்ப் படிந்து, முடிவிடத்தில் ஒன்றையொன்று அழித்துவிடும்.

இன்றைய வடத்தினுள் நான்கு சோடிகள், அதாவது எட்டுக் கம்பிகள் உள. செக்கனுக்கு 100 மெகாபிற்று வேகத்திற்கு இரண்டு சோடிகள் போதும். 1999 ஆம் ஆண்டில் நியமமான கிகாபிற்று வேகத்திற்கு நான்கும் வேண்டும். செய்தியானது சிறு சிறு சட்டகங்களாகப் பகுக்கப்பட்டுச் செல்லும். ஒவ்வொன்றன் ஈற்றிலும் 32 பிற்று நீளமான சோதனை எண் ஒன்று இணைந்திருக்கும். வழியில் ஒரு பிற்று மாறினும் அவ்வெண் பொருந்தாது. பெறும் பொறி அச்சட்டகத்தை ஓசையின்றித் தள்ளிவிடும். அனுப்பிய கணினி சிறிது காத்திருந்து மீண்டும் அனுப்பும். ஆகவே பழுதுற்ற வடம் பல வேளைகளிற் பழுதெனத் தோன்றாது மந்தமெனவே தோன்றும் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

இனி, வெப்பம் இவ்வமைப்பைத் தாக்கும் வழிகள் மூன்று. முதலாவது, கம்பியின் தடை கூடுதல். செம்பின் மின்தடை ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் ஏறும். குறிகையின் தணிவும், உறையிடா முறுக்குவடத்தில் 20 முதல் 40 பாகை வரை பாகைக்கு 0.4 சதவீதமும், அதற்கு மேல் 60 வரை 0.6 சதவீதமும் ஏறுமெனக் கொண்டே வடத்தின் நீளம் கணிக்கப்படுகின்றது. சுவரினுள் நிலையாகப் பதிக்கும் வடத்திற்கு 20 பாகையில் 90 மீற்றர் எல்லை எனின், 40 பாகையில் அவ்வெல்லை சுமார் 83 மீற்றராகவும், 60 பாகையில் 75 மீற்றராகவும் சுருங்கும். ஒரு கட்டடத்திலிருந்து மறு கட்டடத்திற்குக் கூரைத் தகரத்தை ஒட்டி நெடுந்தூரம் இழுத்த வடத்திற்கு இக்கணக்கு உயிர்நிலையானது. ஆயின் ஓர் அறைக்குள் ஓடும் 20 மீற்றர் வடம், 40 பாகையில் 21.6 மீற்றர் வடம் போல ஒழுகும், அவ்வளவே. எனவே சிறு கணினி அறையில் நல்ல செப்புக் கம்பி சூடானமையாற் தொடர்பு அறுந்தது என்பது பொருந்தாது.

இரண்டாவது, பொருள்கள் விரிதல். 10 மீற்றர் நீளமுள்ள உருக்குத் தண்டவாளம் 30 பாகை வெப்பமேற மூன்றரை மில்லிமீற்றரளவு நீளும். இதனைக் கருதியே இருப்புப்பாதைகளில் இடைவெளி விடுதல் வழக்கமாயிற்று. வலையமைப்பிலும் இவ்விதியே செல்லும். செருகியின் பிளாத்திக்கு, அதனுள்ளிருக்கும் உலோகத்தினும் சில மடங்கு மிகுதியாக விரியும். செருகியும் துறையும் இறுகப் பொருந்தியிருப்பின் தீங்கில்லை. செருகியின் நாக்கு ஒடிந்தோ, தொடுகைகள் கறுத்தோ, பற்றாசு பிடித்த இடம் மயிரிழையளவு பிளந்தோ இருப்பின், காலையில் தொட்டிருந்த இரு முனைகள் நண்பகலில் விலகும். காலைக்கு நலமும் நண்பகலுக்கு நோயுமாகத் தோன்றும் குறைகளிற் பல இவ்வகையினவே.

மூன்றாவது, மின்னணு உறுப்புகள் மூப்படைதல். பல கணினிகளின் வடங்களை ஒன்றுசேர்ப்பதும், வழக்கிற் சுவிட்ச் எனப்படுவதுமாகிய ஆளியும், அதற்கு மின் ஊட்டும் அடப்டரும் இங்கு நோக்கற்குரியன. இல்லங்களுக்கும் சிறு நிலையங்களுக்குமென ஆக்கப்படும் ஆளிகள் பெரும்பாலும் 40 பாகை வரையுள்ள சூழலுக்கே வகுக்கப்பட்டவை. அடப்டரினுள் இருக்கும் மின்பகு கொள்ளளவிகளின் ஆயுள் ஒவ்வொரு 10 பாகை ஏற்றத்திற்கும் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொறியியலார் கைக்கொள்ளும் பொது விதி. அவற்றின் உள்ளீரம் வற்ற வற்ற, மின்னழுத்தம் சீராக நில்லாது அலையும். தூசி படிந்து, எறும்பு குடியேறி, காற்றுத் துளைகள் அடைபட்ட ஆளி விரைந்து மூப்படையும்.

இவை வெப்பத்தின் நேர்ச் செயல்கள். வெப்பத்தோடு உடன்வந்து அதன்மேற் பழிசுமத்திச் செல்வனவும் உள. இரு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட மார்ச்சு ஏப்பிரல் மாதங்களில், காலை வெயிலின் விளைவாகவே பிற்பகலில் இடிமழை பிறக்கும். அயலில் விழும் மின்னல், கட்டடங்களுக்கிடையே தொங்கும் நெடிய செப்புவடத்தில் மின்னுந்தலை எழுப்பி ஆளியின் துறையைச் சிதைக்கும். முற்றும் இறவாது பாதி சிதைந்த துறை, அடுத்த நாட் சூட்டில் மயங்கலாம். இன்னும், வெப்ப வேளையில் மின்விசிறிகள் யாவும் சுழலுதலால், மெலிந்த கம்பியிணைப்புள்ள கட்டடத்தில் 230 வோல்ற்று இருக்கவேண்டிய அழுத்தம் தாழும். நண்பகல் வகுப்புகளில் மாணவர் தொகை மிகுதலும் தொடர்பை மந்தமாக்கும். இவை மூன்றும் வெயிலோடு வருவன. ஆயினும் வடத்திற்கு விசிறி பிடித்தலால் தீராதன.

ஆயின் மெய்க் காரணத்தைத் துணிவது எங்ஙனம்? புகையைக் கொண்டு நெருப்பை அனுமானிக்கும் தருக்க நூலார் இரு திறனும் நோக்குவர். புகையுள்ள அடுக்களையில் நெருப்பு உண்டு என்பது அன்னுவயம். நெருப்பில்லாத நீர்மடுவிற் புகையும் இல்லை என்பது வெதிரேகம். காரணமெனக் கருதியது உள்ளவிடத்துக் காரியம் தோன்றுதலும், அதனை நீக்கியவிடத்துக் காரியம் நீங்குதலும் ஆகிய இரண்டும் கண்டபின்னரே துணிபு பிறக்கும். கணினி அறைக்கும் இம்முறை அப்படியே பொருந்தும்.

முதலில் ஒரு குறிப்பேடு வேண்டும். தொடர்பு அறுந்த நாள், மணி, அறையின் வெப்பநிலை, பாதிக்கப்பட்ட கணினி, வானிலை என்பன இரு கிழமைகளுக்கு அதிற் பதியப்படுதல் வேண்டும். எல்லாக் கணினிகளும் ஒரே கணத்தில் அறுந்தனவாயின் ஆளியையோ அதன் மின்னூட்டத்தையோ ஐயுறுக. ஒன்று மாத்திரம் அறுந்ததாயின் அதன் வடம், செருகி, துறை, கணினி என்பவற்றுள் ஒன்றே குறையுடையது. தொடர்பு அறாது வேகம் மாத்திரம் கிகாபிற்றிலிருந்து 100 மெகாபிற்றுக்கு இறங்கியிருப்பின், நான்கு சோடிகளுள் ஒன்று ஊனமுற்றிருத்தல் கூடும். இன்றைய பொறிகள் பல, எஞ்சிய சோடிகளைக் கொண்டு குறைந்த வேகத்திற் சமாளித்துக்கொள்ளும்.

அடுத்து, குறை நிகழும் வேளையிலேயே அண்மையிலிருந்து சேய்மைக்குச் சோதனை செல்லவேண்டும். 1983 ஆம் ஆண்டில் மைக்கு மூசு என்பவர் எழுதிய பிங் என்னும் சிறு நிரல் இதற்கு உதவும். நீர்மூழ்கியைத் தேடும் ஒலிக்கருவியின் ஓசையே அதன் பெயராயிற்று. ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பி மறுமொழி மீள எவ்வளவு நேரமாயிற்று என அது கூறும். முதலில் அயற் கணினிக்கும், பின் வழிப்படுத்திக்கும், ஈற்றில் வெளியுலக முகவரி ஒன்றுக்கும் அனுப்புக. அயற் கணினியும் வழிப்படுத்தியும் தவறாது மறுமொழி தர வெளியுலகு மாத்திரம் தவறின், குறை அறைக்குள் இல்லை. சேவை வழங்குவோரிடமோ வெளி வடத்திடமோ உளது. புதுக் கணினி வாங்கும் செலவு இவ்வொரு சோதனையால் மிஞ்சும்.

குறை அறைக்குள் எனத் தெரியின், ஒரு வேளையில் ஒரு பொருளை மாத்திரம் மாற்றுக. நலமுள்ள கணினியின் வடத்தை நோயுற்ற கணினிக்கு இடுக. குறை வடத்தோடு சென்றால் வடமே காரணம். செல்லாதாயின் ஆளியின் வேறொரு துறைக்கு மாற்றுக. பின்னும் தீராதாயின் அதே மின்னழுத்தமும் அதே முனைவும் உடையதும் ஓட்டத்திற் குறையாததுமான வேறோர் அடப்டரை இடுக. ஒருங்கே மூன்றையும் மாற்றுவோர் குறையைத் தீர்த்தாலும் காரணத்தை அறியார். நலமான இரண்டை வீசியெறிந்தோரும் ஆவர். வெப்பத்தையே ஐயுறின், ஆளிக்கு நேரே மேசை விசிறி ஒன்றை வைக்க. விசிறி சுழலக் குறை நீங்கி, நிறுத்த மீண்டும் தோன்றி, சுழல மறுபடி நீங்குமாயின், அன்னுவயமும் வெதிரேகமும் ஒருங்கே கிடைத்தன. விசிறியன்றி வேறு சூடாக்கும் கருவி எதுவும் வேண்டா. அடப்டரையும் மின்வழங்கியையும் மாணவர் திறத்தலாகாது. மின்னிணைப்பை நீக்கிய பின்னரும் அவற்றுள் ஆபத்தான மின் தங்கியிருக்கும்.

பரிகாரம் காரணத்தைப் பின்பற்றுவது. வெப்பக் காற்று மேலெழுமாதலின், கூரையை ஒட்டி மாட்டிய ஆளியைத் தோளுயரத்திற்கு இறக்குதல் செலவில்லாத மருந்து. காற்றுத் துளைகளின் தூசியைத் தவணைக்கொருமுறை நீக்குக. மலிவு வடங்கள் சிலவற்றிற் கம்பி அலுமினியமாகவும் மேற்பூச்சு மாத்திரம் செம்பாகவும் இருக்கும். அதன் தடை செம்பினும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, வளைக்க எளிதில் ஒடியும், நியமத்திற்கும் ஒவ்வாது. வெட்டிய முனையைக் கத்தியாற் சுரண்டின் உள்ளே வெண்மை தோன்றுதல் கொண்டு அதனை அறியலாம். செருகி பொருத்துங்கால் முறுக்கை 13 மில்லிமீற்றருக்கு மேற் பிரித்தலாகாது. கட்டடங்களுக்கிடையே செப்பைத் தவிர்த்து ஒளியிழை இடுதல் சிறந்தது. கண்ணாடி மின்னைக் கடத்தாதாதலின், மின்னலின் உந்தல் அதன்வழி ஒரு கட்டடத்திலிருந்து மற்றதற்குச் செல்லாது.

இவற்றாற் பெறப்படுவது யாதெனின், வெப்பம் பெரும்பாலும் புதுக் குறையைப் படைப்பதில்லை. முன்னரே மறைந்திருந்த நலிவை வெளிப்படுத்துகின்றது. தளர்ந்த செருகி, போலிக் கம்பி, மூத்த அடப்டர், மின்னல் தீண்டிய துறை ஆகியன மார்கழிக் குளிரிற் பிழைத்திருந்து சித்திரையில் அகப்படுகின்றன. அவற்றைக் கண்டறியப் பெரும் கருவிகள் வேண்டுவதில்லை. ஒரு குறிப்பேடு, ஒரு நல்ல வடம், ஒரு மேசை விசிறி, ஒன்றன்பின் ஒன்றாக நோக்கும் பொறுமை ஆகியனவே வேண்டும். சித்திரை வெயிலைத் தணித்தல் எவர்க்கும் இயலாது. அவ்வெயில் காட்டிக்கொடுத்த குறையைத் தீர்த்தல் உயர்வகுப்பு மாணவர் இருவர்க்கும் இயலும். அங்ஙனம் தீர்த்த பிற்பகலில், தோட்டத்திலிருந்து வரும் மாணவியின் ஒரு பாடவேளை வீணாகாது.