அரைக் கிலோ துப்பாக்கி, ஐந்து கிலோ டிரிகர்

ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனத்தின் 642 என்னும் குட்டி ரிவால்வரின் எடை ஏறத்தாழ 425 கிராம். அதன் டிரிகரை முழுக்க இழுக்க விரல் தர வேண்டிய விசையோ 5 கிலோவைத் தூக்குவதற்குச் சமம். ஆள்காட்டி விரலில் ஐந்து கிலோ அரிசிப் பையை மாட்டித் தூக்கிவிடலாம்; தூக்கும் நேரம் முழுக்க அந்தக் கை இம்மியும் அசையாமல் ஒரு புள்ளியையே குறிபார்க்க வேண்டும் என்றால்தான் வினை. தன் எடையைப்போல் பத்து மடங்குக்கும் மேலான விசையில் இழுபடும் பொருள் கைக்குள் திரும்பாமல் என்ன செய்யும்? நம் சினிமா நாயகர்கள் ஓடிக்கொண்டே, அலட்சியமாக, ஒற்றைக் கையால் சுடுவதை இனி கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கலாம்.

1836-இல் சாமுவேல் கோல்ட் காப்புரிமை பெற்ற ரிவால்வரில் இந்தத் தொல்லை இல்லை. கட்டைவிரல் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தும். அப்போதே சிலிண்டரும் சுழன்று அடுத்த குண்டு நேருக்கு வரும். டிரிகருக்கு மிச்சமிருப்பது ஒரு சிறு கொக்கியை நழுவவிடும் வேலை மட்டுமே. 1851-இல் லண்டன் துப்பாக்கித் தொழிலர் ராபர்ட் ஆடம்ஸ் கட்டைவிரலுக்கு ஓய்வு கொடுத்தார். சுத்தியலை இழுப்பது, சிலிண்டரைச் சுழற்றுவது, பூட்டுவது, சுத்தியலை விடுவிப்பது என எல்லாமே ஒரே இழுப்பில் ஆள்காட்டி விரலின் தலையில் விழுந்தன. சில ஆண்டுகளில் போமாண்ட் என்னும் ராணுவப் பொறியாளர் இரு முறைகளையும் ஒரே துப்பாக்கியில் இணைத்தார். இன்றைய ரிவால்வர்களில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவைதான்.

ஒரே இழுப்பில் இத்தனையும் செய்ய எவ்வளவு ஆற்றல் தேவை? சராசரியாக 4 கிலோ விசையில் 15 மில்லிமீட்டர் இழுத்தால், செய்த வேலை சுமார் 0.6 ஜூல். 100 கிராமை 60 சென்டிமீட்டர் உயர்த்தும் வேலை, குழந்தைகூடச் செய்யும். அதை ஒன்றரை சென்டிமீட்டருக்குள் முடிக்க வேண்டியிருப்பதால்தான் கனக்கிறது. அந்த 0.6 ஜூலிலும் ஒரு பங்குதான் சுத்தியலின் அடியாகத் தோட்டாவைச் சேர்கிறது. தோட்டாவின் அடியில் பிரைமர் என்ற சின்னஞ்சிறு உலோகக் கிண்ணம் இருக்கிறது. அதிலுள்ள ரசாயனம் போதிய வேகத்தில் அடிபட்டால் தீப்பிடிக்கும். அடி குறைந்தால் ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் வரும். எத்தனை உயரத்திலிருந்து எஃகுக் குண்டைப் போட்டால் பிரைமர் வெடிக்கிறது என்று ஆலைகளில் சோதிக்கிறார்கள்.

விலை மலிவான ரிவால்வரின் டிரிகர் ஏன் இன்னும் கூடுதலாகக் கனக்கிறது? வலிமையான ஸ்பிரிங் என்பது பாதிப் பதில்தான். மீதி உராய்வு. டிரிகரும் சுத்தியலும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் பரப்புகளில் எந்திரம் விட்டுப்போன வரிகளைக் கைவினைஞர் ஒருவர் கல்லால் தேய்த்து எடுக்க நேரம் பிடிக்கும். நேரம் என்றால் கூலி. 1955-இல் வந்த கோல்ட் பைத்தானின் பட்டுப்போன்ற இழுப்பு அப்படிப்பட்ட கைவேலையால் பெயர் பெற்றது, விலையும் அதற்கேற்ப. தேய்க்காமல் விட்டால் விரல் இருமுறை அபராதம் கட்டுகிறது. சொரசொரப்பு சுத்தியலின் வேகத்தைத் தின்பதால் முதன்மை ஸ்பிரிங்கை முறுக்கேற்ற வேண்டியிருக்கிறது. சுட்டபின் டிரிகர் சிக்காமல் முன்னுக்கு வர, திருப்பித் தள்ளும் ஸ்பிரிங்கும் வலுவாக வேண்டும். விரல் மல்லுக்கட்டுவது இரண்டோடும். எவர் எந்தத் தோட்டாவைப் போடுவாரோ என்ற அச்சத்தில், மிகக் கடினமான பிரைமருக்கும் போதுமான ஸ்பிரிங்கையே ஆலை வைக்கிறது. போட்டிகளில் சுடுபவர்கள் இளகிய ஸ்பிரிங் போட்டுக்கொண்டு, எளிதில் தீப்பிடிக்கும் ஃபெடரல் பிரைமர்களைத் தேடி வாங்குவது அதனால்தான்.

ஆனால் கனத்துக்கு உச்சம் ரஷ்யாவின் 1895-ஆம் ஆண்டு நாகன் ரிவால்வர். சாதாரண ரிவால்வரில் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி உண்டு. வாயு அதன் வழியே கசியும். நாகனில் டிரிகர் சிலிண்டரையே முன்னுக்குத் தள்ளி, தோட்டாவின் வாய் குழலுக்குள் நுழையும்படி அடைத்துவிடுகிறது. நேர்த்தியான யோசனை. அதற்கு விரல் தரும் விலை 9 கிலோவுக்கும் மேல்! சோவியத் ஒன்றியம் உடைந்தபின் இவை மூட்டை மூட்டையாக அமெரிக்கச் சந்தைக்கு வந்து மலிவாக விற்றன. வாங்கியவர்கள் முதலில் முணுமுணுத்தது டிரிகரைப் பற்றித்தான்.

இந்தக் கனத்தை வெறும் குறை என்றும் தள்ள முடியாது. பெரும்பாலான ரிவால்வர்களில், தவறிச் சுடாமல் தடுக்கும் தனிப் பூட்டு கிடையாது. இழுப்பின் கனமே பூட்டு. ரிவால்வரை விட்டு கிளாக் பிஸ்டலுக்கு மாறிய நியூயார்க் போலீஸ், 12 பவுண்டு, அதாவது 5.4 கிலோ டிரிகரையே கேட்டு வாங்கியது. கனம் என்றால் மெதுவு என்பதும் இல்லை. 1932-இல் எட் மக்கிவெர்ன் என்னும் சுடுதல் வல்லுநர் இத்தகைய டிரிகரை இழுத்தே 0.45 நொடியில் ஐந்து குண்டுகள் சுட்டார்.

2009-இல் ரூகர் நிறுவனம் அதிக விலையில்லாத எல்சிஆர் ரிவால்வரில் கல்லையும் கைவினைஞரையும் நம்பாமல் வடிவக்கணிதத்தை நம்பியது. உராய்வைக் குறைக்கும்படி வளைத்த, ‘கேம்’ என்னும் உறுப்பு ஒன்று, இழுப்பின் கடைசியில் விசை திடீரென ஏறாமல் பயணம் முழுக்கப் பரவச் செய்கிறது. உச்சம் தணிந்ததால் விரலுக்கு லேசாகத் தெரிகிறது. அதே துப்பாக்கியை .22 தோட்டாவுக்குச் செய்தபோது இழுப்பு மறுபடி கனத்துவிட்டது: அந்தத் தோட்டாவில் நடுவே பிரைமர் இல்லை, அடிபட்டால் தீப்பிடிக்கும் ரசாயனம் விளிம்புக்குள் இருக்கிறது, பித்தளை விளிம்பையே நசுக்கியாக வேண்டும்.