வெயிலைத் தேடிப் புறப்படும் வீடுகள்

வெயில் ஏறினால் நிழல் தேடி ஒதுங்குவது நம் வழக்கம். அந்த வெயிலுக்காகவே கடல் கடந்து செல்லும் மக்களும் உலகில் இருக்கின்றார்கள். அவர்கள் தங்கள் வீட்டையும் உடன் கொண்டுசெல்கிறார்கள் என்பதுதான் வியப்பு!

ஐரோப்பாவின் வடபகுதியில் குளிர்காலம் கொடியது. டிசம்பர் மாதத்தில் இங்கிலாந்தில் மாலை நான்கு மணிக்கே இருள் சூழ்ந்துவிடும். பணி ஓய்வு பெற்று, பிள்ளைகளும் தனித்தனியே சென்றுவிட்ட நிலையில், மூட்டுவலியோடு நான்கு சுவர்களுக்குள் முடங்கிக் கிடக்க விரும்பாத முதியவர்கள் பலர் 'மோட்டார் ஹோம்' எனப்படும் வீட்டு வண்டியில் தெற்கு நோக்கிப் புறப்படுகிறார்கள். படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி அனைத்தும் அந்த ஒரு வண்டிக்குள் அடக்கம்.

பிரான்ஸையும் ஸ்பெயினையும் கடந்து அவர்கள் வந்து சேரும் துறைமுகம் அல்ஜெஸிராஸ். எதிரே ஜிப்ரால்டர் ஜலசந்தி. கி.பி. 711இல் இக்கடலைக் கடந்த தளபதி தாரிக் இப்னு ஸியாதின் பெயரால் வழங்கும் 'ஜபல் தாரிக்' என்பதன் திரிபே இப்பெயர். மிகக் குறுகிய இடத்தில் அதன் அகலம் சுமார் 14 கிலோமீட்டர்தான். வண்டிகளை ஏற்றிக்கொள்ளும் கப்பல் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் மொராக்கோ நாட்டின் 'தான்ஜியர் மெட்' துறைமுகத்தை அடைந்துவிடுகிறது.

எல்லையில் இரண்டு கணக்குகள்

அங்கே ஆளுக்கு ஒரு கணக்கு, வண்டிக்கு ஒரு கணக்கு. ஐரோப்பியக் கடவுச்சீட்டு உடையோர் விசா இன்றியே 90 நாட்கள் தங்கலாம். சுங்கத் துறை வண்டிக்கு ஆண்டில் ஆறு மாதம் வரை அனுமதி தருகிறது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதன் பயனாக, 2021 முதல் பிரிட்டிஷ் மக்கள் ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாட்களிலும் 90 நாட்களுக்கு மேல் தங்க இயலாது. ஆகவே, ஸ்பெயினில் குளிர்காலம் முழுவதையும் கழித்துவந்தவர்களில் சிலரும் மொராக்கோவை நாடுகின்றனர்.

தெற்கே சுமார் 800 கிலோமீட்டர் தொலைவில் அகாதிர் நகரம் உள்ளது. 1960 பிப்ரவரி 29ஆம் நாள் இரவு, நோன்பு மாதத்தில் நேர்ந்த நிலநடுக்கத்தில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்து, மீண்டும் எழுந்த நகரம் அது. ஜனவரியிலும் அங்கே பகல் வெப்பம் 20 பாகை செல்சியஸை ஒட்டியே இருக்கும். அதன் சுற்றுப்புறக் கடற்கரைகளிலும், பிப்ரவரியில் வாதுமை மரங்கள் பூத்துக் குலுங்கும் தஃப்ராவுத் பள்ளத்தாக்கிலும் இவ்வண்டிகள் வரிசையாக நிற்கும்.

அண்டை வீட்டார்

அண்மை ஆண்டுகளில் ரமலான் குளிர்காலத்தின் இறுதியை ஒட்டி வருகிறது. மஃரிப் பாங்கு ஒலித்ததும் தெருக்கள் வெறிச்சோடுகின்றன. வீடுகளில் பேரீச்சம்பழத்தோடு 'ஹரீரா' பரிமாறப்படுகிறது. தக்காளி, பருப்பு, கொண்டைக்கடலை, இறைச்சி சேர்த்துக் காய்ச்சும் அந்த ரசத்தை அவர்களின் நோன்புக் கஞ்சி எனலாம். விருந்தினரை வெறும் வயிற்றோடு அனுப்பாத மண் அது.

விருந்தினருக்கும் கடமை உண்டு. கழிவுநீரைக் கண்ட இடத்தில் கொட்டுவதும், மீனவர்களின் கரையை மாதக்கணக்கில் அடைத்து நிற்பதும் முறையாகா. உள்ளூர்ச் சந்தையில் காய்கறி வாங்கி, உரிய முகாமில் வாடகை கொடுத்துத் தங்குவோரால் அவ்வூருக்கும் பயன் விளைகிறது.

2020 மார்ச் மாதத்தில் கொரோனா நோயால் மொராக்கோ தன் எல்லைகளை மூடியபோது, ஆயிரக்கணக்கான வண்டிகள் ஊர் திரும்ப வழியின்றி நின்றன. எல்லை மூடிக்கொண்டால் மனம் என்ன பாடுபடும் என்பதை அம்முதியவர்கள் அன்று உணர்ந்தார்கள்.

அதே கடல், வேறு நியாயம்

அதை என்றுமே உணர்ந்திருப்பவர்கள் அந்நாட்டு இளைஞர்கள். 1991இல் ஸ்பெயின் மொராக்கோ மக்களுக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. அன்று முதல், வெயிலைத் தேடி வருவோருக்குத் திறக்கும் அதே கடல், வேலையைத் தேடிச் செல்வோருக்கு எளிதில் திறப்பதில்லை. சிறு படகுகளில் துணிந்து இறங்கி அலைகளில் மாண்டோர் பலர். வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, விசாத் தாளின் அருமையை அறிந்திருக்கும் நம் குடும்பங்களுக்கு இவ்வேதனை எளிதில் விளங்கும்.

அந்தத் தான்ஜியரிலிருந்துதான் 1325இல், தம் 21ஆம் வயதில், ஹஜ்ஜை நாடித் தனியே புறப்பட்டார் இப்னு பதூதா. மதுரை சுல்தான்களின் காலத்தில் நம் மண்ணையும் மிதித்த அப்பெருமகனார், தம் நெடும்பயணத்தில் எத்தனையோ ஊர்களில் முன்பின் அறியாதோர் அளித்த உணவையும் உறைவிடத்தையும் பெற்றார். வழிப்போக்கருக்கு வாசல் திறப்பது அறம். வெயில் காய வந்த முதியவருக்கு அந்நாடு அதைச் செய்கிறது. அவர் ஊர் திரும்பும்போது, கரையில் நின்று அக்கப்பலைப் பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞனுக்கு அதே அறத்தைச் செய்யப்போவது யார்?