எது மலிவு?

அந்தமானில் விற்கும் துவரம்பருப்பு கப்பலில் வருவது. கப்பல் கூலியும் விலையில் சேர்வதால், கணக்கறிந்து வாங்குதல் நன்று.

அபர்தீன் கடைவீதியில் 500 கிராம் பருப்புப் பொட்டலம் 90 ரூபாய், 2 கிலோகிராம் பொட்டலம் 380 ரூபாய் எனக் கொள்வோம். பெரியதே மலிவு எனப் பலர் எண்ணுவர். பொட்டலங்களில் அலகு விலை அச்சிடப்பட்டிருக்கும். ஆயினும், சிறியதில் கிராமுக்கு 0.18 ரூபாய் என்றும், பெரியதில் கிலோகிராமுக்கு 190 ரூபாய் என்றும் இருக்கும். அலகுகள் வேறாக இருப்பதால் உடனே ஒப்பிட இயலாது.

எனவே எடையைச் சமமாக்குதல் வேண்டும். 500 : 90 என்னும் விகிதத்தின் இரண்டு எண்களையும் 4ஆல் பெருக்கினால் 2000 : 360 என்னும் சமான விகிதம் கிடைக்கும். 2 கிலோகிராம் பருப்பைச் சிறிய பொட்டலங்களாக வாங்கும் குடும்பத்திற்கு 20 ரூபாய் மிச்சமாகும்.