பழைய மீன் தொட்டிகளைத் துப்புரவு செய்யும் முறை

விதை நெல்லைப் பழைய சாக்கில் கொட்டுவதற்கு முன் உழவர் அச்சாக்கை உதறி வெயிலில் காய வைப்பது வழக்கம். சென்ற பருவத்து வண்டு புதிய நெல்லைக் கெடுத்துவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். கடல்நீரில் அலங்கார மீன் வளர்ப்போரும் இவ்வழக்கத்தைக் கைக்கொள்ளுதல் வேண்டும்.

மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கோமாளி மீன் போன்றவற்றைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கச் செய்யும் முறைகளை வகுத்துள்ளது. அக்குஞ்சுகளை வாங்கி வளர்த்து விற்பது கரையோர மகளிர் குழுக்களுக்கு ஏற்ற துணைத் தொழிலாகும். கண்ணாடித் தொட்டி, பம்பு, வடிகட்டி ஆகியவற்றைப் புதிதாக வாங்கப் பெருந்தொகை வேண்டும். ஆகவே பலர் பழையவற்றை நாடுகின்றனர். அதில் தவறில்லை. ஆனால் துப்புரவு செய்யாத ஒரு தொட்டி, குஞ்சுகள் அனைத்தையும் ஓரிரு வாரத்தில் அழித்துவிடக் கூடும். குழு வாங்கிய கடனோ அப்படியே நிற்கும்.

வாங்கும் முன் கேட்க வேண்டுவன

அத்தொட்டியில் மயில்துத்தம் முதலிய செம்பு மருந்து இடப்பட்டதா என விற்பவரைக் கேட்க வேண்டும். மீன்களின் வெண்புள்ளி நோய்க்கு அது பயன்படுவதுண்டு. மிகச் சிறிய அளவு செம்பும் இறால், நத்தை, கடல் சாமந்தி ஆகியவற்றைக் கொன்றுவிடும். சுண்ணாம்புத் தன்மையுள்ள மணலும் கல்லும் செம்பைப் பிடித்து வைத்துப் பின்னர் நீரில் கசியவிடும். எனவே பழைய மணலையும் பஞ்சையும் வாங்காமல் விடுவதே நன்று.

தொட்டியுடன் பவளம் தரப்படின் அதை ஏற்கலாகாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பவளப் பாறைகள் பாதுகாக்கப்பட்டவை. மேலும், கடற்கற்களில் ஒட்டி வாழும் சில உயிர்களில் கொடிய நஞ்சு உண்டு. அக்கற்களைக் கொதிக்க வைத்தால் எழும் ஆவியை மூச்சில் இழுத்தோர் கடுமையாக நோயுற்றிருக்கின்றனர். ஆகையால் பழைய கடற்கல்லை எக்காரணம் கொண்டும் கொதிக்க வைக்கக் கூடாது.

முதலில் சுண்ணாம்பு, பிறகு கிருமி

தொட்டியின் ஓரங்களிலும் பம்பினுள்ளும் வெண்மையாகப் படிந்திருப்பது சுண்ணாம்பு. நோய்க் கிருமிகள் அதன் அடியில் ஒளிந்திருக்கும். மேலே ஊற்றும் மருந்து அவற்றை எட்டாது. ஆதலால் சுண்ணாம்பை முதலில் நீக்க வேண்டும். வினிகரும் நீரும் சம அளவில் கலந்து, பாகங்களைச் சில மணி நேரம் ஊற வைத்தால் அது கரைந்துவிடும். எலுமிச்சை உப்பையும் நீரில் கரைத்துப் பயன்படுத்தலாம். பம்பின் மின்கம்பியைக் கழற்றி, செருகியை நனையாமல் வைத்த பின்னரே இவ்வேலையைத் தொடங்க வேண்டும். சோப்பு எதையும் உபயோகிக்கலாகாது.

பின்னர் நல்ல நீரில் பலமுறை அலசி, அமிலம் சிறிதும் எஞ்சாதபடி செய்ய வேண்டும். அதன் பிறகே பிளீச்சிங் பவுடரின் முறை வருகிறது. 100 லிட்டர் நீருக்குச் சுமார் 70 கிராம் புதிய பவுடர் போதுமானது. முதலில் ஒரு வாளி நீரில் கரைத்துத் தெளிய விட்டு, மேல் நீரை மட்டும் கொள்க. ஒரு மணி நேரம் பாகங்கள் அதில் மூழ்கியிருக்கட்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வினிகரையோ வேறு அமிலத்தையோ பிளீச்சிங் பவுடருடன் ஒருபோதும் கலக்கக் கூடாது. கலந்தால் குளோரின் வாயு எழுந்து நுரையீரலைப் புண்ணாக்கும். மூடிய அறையில் உயிருக்கே ஆபத்தாகும். இரண்டுக்கும் தனித்தனி வாளி வேண்டும். கையுறை அணிந்து, காற்றோட்டமான வெளியில், சிறுவர்களை விலக்கி வைத்துச் செய்ய வேண்டும்.

உலர்த்தலும் சோதனையும்

மூன்று முறை அலசிய பின் எல்லாவற்றையும் சில நாள் வெயிலில் நன்கு உலர்த்த வேண்டும். முழு உலர்ச்சி, எஞ்சிய ஒட்டுண்ணிகளையும் ஒழிக்கும். பிறகு பாகங்களை நீரில் ஊற வைத்து, குடிநீரைச் சோதிக்கப் பஞ்சாயத்தில் பயன்படும் குளோரோஸ்கோப்பினால் அந்நீரைப் பார்க்கலாம். மஞ்சள் நிறம் தோன்றினால் குளோரின் எஞ்சியுள்ளது என்று பொருள், மீண்டும் அலசுக.

தொட்டியைச் சமதளத்தில் வைத்து நீர் நிரப்பி, இரண்டு நாள் கசிவு பார்ப்பதும் அவசியம். உப்பு நீர் மின்சாரத்தை எளிதில் கடத்துமாதலால், வெடித்த கம்பியுள்ள பம்பை ஒதுக்கிவிட்டு, மின்கசிவுத் தடுப்புக் கருவியையும் பொருத்திக்கொள்க. கிருமி நீக்கத்தில் நன்மை செய்யும் நுண்ணுயிர்களும் அழிந்துவிடும். அவை மீண்டும் வளர நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். நீரில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை எனக் கண்ட பின்னரே குஞ்சுகளை விடலாம்.

பஞ்சாயத்தார் கடமை

ஒவ்வொரு குழுவும் தன் வீட்டு வாயிலில் இவ்வேலையைச் செய்வதைவிட, கிணற்றுக்கும் வயலுக்கும் எட்ட ஓர் இடத்தைப் பஞ்சாயத்து ஒதுக்கித் தருவது நலம். உப்பு நீர் வயலில் பாய்ந்தால் பயிர் வாடும். செம்பு கலந்த மணல் குளத்தில் விழுந்தால் அங்குள்ள உயிர்கள் மடியும். ஒரு சிறு மேடையும், இரண்டு வாளியும், நான்கு கையுறையும் பெரும் செலவல்ல. வரிசை மாறாது பொறுமையுடன் செய்தால், பழைய தொட்டியும் புதியதைப் போலவே பயன் தரும் என்பதில் ஐயமில்லை.