கொல்லிமலையில் ஒரு பீச் செடி!

பாட்டனி படிச்சவங்களுக்கு இது தெரியும். பிராக்டிகலுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஹாஸ்டலே செடி பறிக்கக் கிளம்பிடும். பறிச்சதைப் பேப்பருக்குள்ள வெச்சு, மெத்தைக்கு அடியில நசுக்கி, அட்டையில ஒட்டினா ஹெர்பேரியம் ரெடி!

நானும் அந்த ஜாதிதான். கொல்லிமலை டூருக்கு மட்டம் போட்டுட்டு, பெசன்ட் நகர் பீச்ல படர்ந்து கிடந்த அடப்பங்கொடியை ஒட்டி, லேபிள்ல 'கொல்லிமலை'னு கெத்தா எழுதினேன். எக்ஸாமினர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்... சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டுட்டார்.

அது எவ்வளவு பெரிய ஃபிராடுன்னு உறைச்சது, திருச்சி புனித வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியம் பற்றித் தெரிஞ்சுக்கிட்டப்போதான். பிரெஞ்சுப் பாதிரியாரும் தாவரவியலாளருமான ஆல்ஃபிரட் ராபினாட் பெயரில் 1967-ல் அதைத் தொடங்கியவர் ஃபாதர் கே.எம்.மேத்யூ. காடு மேடெல்லாம் அலைஞ்சு அவரும் அவர் டீமும் சேர்த்த செடிகள்தான், 1981 முதல் வெளிவந்த தமிழ்நாடு கர்நாடிக் பகுதித் தாவரங்கள் பற்றிய தடித் தடி வால்யூம்களுக்கு ஆதாரம். 1999-ல் பழனி மலைத் தாவரங்களுக்கும் புத்தகம் போட்டார். 2004-ல் மறைந்தார். அட்டைகள் இருக்கின்றன.

காய்ஞ்ச செடிக்கு ஏன் இவ்வளவு மரியாதை? மேட்டர் செடியில பாதி, லேபிள்ல பாதி! எந்த ஊர், என்ன தேதி, யார் பறிச்சது, எத்தனை அடி உயர மரம்... எல்லாம் அதுலதான் இருக்கும். காய்ஞ்சா பூவோட கலர் போயிடும். மஞ்சளா, ரோஸான்னு ஸ்பாட்லயே நோட்டுல எழுதலைன்னா அவ்ளோதான். அப்புறம் பேப்பர் மாத்தி மாத்திக் காயவெச்சு, பூச்சி அரிக்காம மருந்து போட்டு, 42-க்கு 28 சென்டிமீட்டர் அட்டையில தைக்கணும். பொறுமை இல்லாதவங்க கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் போயிடலாம்!

நாளைக்கு அந்தச் சரிவு எஸ்டேட்டாவோ, பிளாட்டாவோ ஆயிட்டா, 'இங்கே இந்தச் செடி இருந்துச்சு'ங்கறதுக்கு அந்த அட்டைதான் சாட்சி. போன தலைமுறையில எந்த மாசம் பூத்தது, இப்போ எப்போ பூக்குதுன்னு ஒப்பிட்டு, பருவம் மாறினதைக் கண்டுபிடிக்கறாங்க. துளியூண்டு இலையிலிருந்து டி.என்.ஏ. எடுக்கறாங்க. அப்படி ஒருத்தர் கையில என் அட்டை கிடைச்சிருந்தா? ஆயிரம் மீட்டர் உயர மலை மேல கடற்கரைக் கொடி!

குற்ற உணர்ச்சி தாங்காம போன மாசம் என் பழைய காலேஜுக்குப் போனேன். அந்த அட்டையைத் தேடிக் கிழிச்சிடணும்னு பிளான். லேப் அண்ணன் பீரோவைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரே கரையான் மண்.

''மழைத்தண்ணி இறங்கிடுச்சு தம்பி. யாரும் கவனிக்கலை.''

என் பொய் போச்சு. எங்க புரொஃபசர் சர்வீஸ் முழுக்கச் சேர்த்த நிஜமான அட்டைகளும் அதே பீரோவுலதான் இருந்துச்சு.